விசாவுக்கு விலை கிடையாது: குமரியிலிருந்து வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் வளைகுடா வேலைப் பேச்சு எடுத்தால் முதலில் வந்து விழுவது ஒரு தொகைதான். "விசாவுக்கு எவ்வளவு?" மார்த்தாண்டத்தில் ஒரு விலை, கருங்கலில் ஒரு விலை, சொந்தக்காரர் மூலம் போனால் கொஞ்சம் குறைவு. முதலாளி யார், என்ன வேலை, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் பைசா கொடுத்த பிறகு பேசப்படுகிறது. இந்த வரிசை தலைகீழானது. வேலை விசாவுக்குத் தொழிலாளி விலை கொடுக்க வேண்டியதே இல்லை. ஆள் எடுக்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்று அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு: 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., மொத்தம் 35,400. அதையும் ரசீது கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் விசாவை விற்றுச் சம்பாதிக்கும் பைசா.

இதை வெறும் நியாயப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாயை இரண்டு ரூபாய் வட்டிக்கு எடுத்து விசா வாங்குகிறார். சம்பளம் 1,200 திர்ஹம். ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 27,600 ரூபாய். மெஸ்ஸுக்கு 350, போனுக்கும் சில்லறைச் செலவுக்கும் 100 திர்ஹம் போனால் கையில் நிற்பது 750. அதாவது 17,250 ரூபாய். வீட்டுச் செலவுக்கு 10,000 அனுப்பினால், கடனுக்கு மாதம் 7,250 கட்டலாம். அதில் முதல் மாதம் 3,000 வட்டிக்கே போய்விடும். இப்படிக் கட்டினால் கடன் தீர 27 மாதம் ஆகும். ஒப்பந்தம் 24 மாதம்தான். ஒருநாள்கூடக் காய்ச்சலில் படுக்காமல், ஒரு மாதச் சம்பளமும் தாமதமாகாமல் உழைத்தாலும், இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வரும்போது கடன் மிச்சம் இருக்கும். அதே ஆள் சட்டப்படியான கட்டணம், மெடிக்கல், பாஸ்போர்ட், பயணச் செலவு என்று 50,000 மட்டும் கடன் வாங்கியிருந்தால் எட்டாவது மாதத்தில் கடன் தீர்ந்துவிடும்.

இந்த 19 மாத வித்தியாசத்தில்தான் வளைகுடாத் துயரங்களில் பெரும்பகுதி நடக்கிறது. சொன்ன சம்பளம் ஒன்று, கொடுக்கும் சம்பளம் வேறு என்று தெரிந்தால் கடன் இல்லாதவர் முதல் மாதத்திலேயே கேள்வி கேட்பார், புகார் கொடுப்பார், வேண்டாம் என்றால் திரும்பி வருவார். நகையை அடகு வைத்து வந்தவரால் முடியாது. கம்பெனிக்காரனுக்கும் அது தெரியும். அதனால்தான் விசாவின் விலையை முதலில் சொல்கிறேன். மற்ற காகிதங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குவோம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கும். வேலைக்காகக் குறிப்பிட்ட 18 நாடுகளுக்குப் போகும்போது அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்பது அதன் பொருள். சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆறும் அந்தப் பட்டியலில் உண்டு. மலேசியாவும் உண்டு. பத்தாம் வகுப்பு தேறியிருந்தும் பழைய பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். இருந்தால், மதிப்பெண் சான்றிதழைக் காட்டி மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கால் என்றால் கூடுதலாக 2,000. நமக்கு மதுரை மண்டல அலுவலகம், அதன் சேவா கேந்திரம் திருநெல்வேலியில்.

இ.சி.ஆர். முத்திரையை ஒரு குறைபோல நம் ஆட்கள் பார்க்கிறார்கள். உண்மையில் அதுதான் படிப்பு குறைந்தவருக்குக் கிடைக்கும் பெரிய காவல். அந்த அனுமதி கிடைக்க வேண்டுமானால் வெளிநாட்டு முதலாளியும் வேலை ஒப்பந்தமும் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாக வேண்டும். பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீடு எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375, அதன் மேல் வரி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம். இடையில் கம்பெனி மாறினாலும் பாலிசி செல்லும். நாமினி பெயரை வீட்டில் யாருக்காவது சொல்லிவைக்க வேண்டும், பாலிசி நகலையும் கொடுக்க வேண்டும். காலம் முடிந்ததும் ஆன்லைனில் புதுப்பிக்கலாம், ஆனால் செய்கிறவர்கள் மிகக் குறைவு. ஒரு நாள் நடக்கும் முன்பயணப் பயிற்சிக்குத் தொழிலாளியிடம் கட்டணம் கிடையாது. ஏஜென்ட் அதற்கென்று பைசா கேட்டால் கொடுக்காதீர்கள். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி.

இந்தக் காவலைத் தாண்டிக் குதிக்க ஏஜென்ட் சொல்லும் வழிதான் விசிட் விசா. "மக்கா, இப்ப விசிட்டுல ஏறு. அங்க போயி மாத்திக்கலாம்." அமீரகத்தில் விசிட் விசாவில் வேலை செய்வது குற்றம். அனுமதி இல்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு 2024-இல் அபராதத்தை 1 லட்சம் திர்ஹம் முதல் 10 லட்சம் வரை உயர்த்தினார்கள். ஆகவே ஒழுங்கான கம்பெனி விசிட் ஆட்களைத் தொடவே தொடாது. தொடுகிற கம்பெனி எப்படிப்பட்டது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். படித்த பிள்ளைகள் விசிட்டில் போய் இன்டர்வியூ பார்த்து, முறையான பெர்மிட் வாங்கி, பிறகு வேலையில் சேர்வது வேறு. அது நடக்கிறது, சட்டத்துக்கு உட்பட்டதும்கூட. ஆனால் அதற்குத் தங்குமிடம், சாப்பாடு, திரும்பி வரும் டிக்கெட் எல்லாவற்றுக்கும் சொந்தப் பணம் வேண்டும். 'ஃப்ரீ விசா' என்று சொல்வதும் ஏமாற்று. யாரோ ஒரு கஃபீல் (விசாவுக்குப் பொறுப்பேற்கும் அந்த நாட்டுக்காரர்) பெயரில் விசா இருக்கும், அவரிடம் வேலை இருக்காது. வெளியே கிடைத்த இடத்தில் வேலை செய்ய வேண்டும், பிடிபட்டால் தொழிலாளிக்கும் தண்டனை உண்டு.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு அதிகம் வரும் ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் இனிஷியல் போடுகிறவர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவே இருக்கும். முழுதும் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா, விசிட் விசாவில் நுழைவு இல்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. புதிதாக எடுப்பவர்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக விரித்துப் போடுவது நல்லது. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, ஆதாரில் வேறு எழுத்து என்று மூன்று விதமாக இருப்பது நம் கடலோரத்திலும் விளவங்கோடு பக்கத்திலும் சகஜம். எல்லாவற்றையும் பள்ளிச் சான்றிதழின் எழுத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு பாஸ்போர்ட் எடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் ஒரு எழுத்து இடித்தாலும் வாரக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது ஏஜென்ட். இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது. உரிமம் நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, நிறுத்திவைக்கப்பட்டதா என்று அங்கே பார்க்கலாம். சென்னையிலோ மும்பையிலோ உள்ள ஒரு கம்பெனியின் உரிம எண்ணைச் சுவரில் ஒட்டி வைத்து இங்கே பாஸ்போர்ட் சேகரிக்கும் 'சப்-ஏஜென்ட்' என்பவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அவர் நல்ல மனிதராக, ஒரே கோயில்காரராக, ஒரே சர்ச் பங்கைச் சேர்ந்தவராக இருக்கலாம். இருந்தாலும் பைசா பேங்க் வழியாக, உரிமம் உள்ள கம்பெனியின் கணக்குக்கே போக வேண்டும். "விசா அடிச்சு வந்தாச்சு, நாளைக்குள்ள கெட்டலேன்னா வேற ஆளுக்குப் போயிரும்" என்று அவசரப்படுத்தினால் அதுவே நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம். விசாவின் நகலை வாங்கி, அந்தந்த நாட்டு அரசின் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவளக் கழகம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளை முதலில் பார்த்துவிட்டுத் தனியாரிடம் போவது புத்திசாலித்தனம்.

பணம் எதுவும் கொடுப்பதற்கு முன்னால் செய்துகொள்ள வேண்டிய ஒன்று மார்பு எக்ஸ்ரே. வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனை 'வாஃபித்' தளம் வழியாக, அவர்கள் ஒதுக்கும் மையத்தில் நடக்கிறது. ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோய், காசநோய் எல்லாம் பார்ப்பார்கள். சிறுவயதில் காசநோய் வந்து முழுக்கக் குணமானவருக்கும் நுரையீரலில் தழும்பு இருந்தால் 'அன்ஃபிட்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த முடிவு ஆறு நாடுகளுக்கும் தெரியும்படி பதிவாகும். ஆகவே முதலில் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ ஊரில் உள்ள லேபிலோ எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பாருங்கள். முடிவு தெரிந்த பிறகு ஏஜென்ட்டிடம் பேசலாம். விசாவுக்கு முன்பணம் கட்டிவிட்டு மெடிக்கலில் தோற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பணம் திரும்பி வருவது அபூர்வம்.

இனி வேலைகள். கட்டுமானத்துக்குப் போகும் நம் கொத்தனார்கள் கைத்திறனில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் ட்ரேட் டெஸ்ட் என்ற தொழில் திறன் தேர்வில் தோற்பது கைத்திறனால் அல்ல, அளவுமுறையால். அங்கே அடி, அங்குலம் கிடையாது, வரைபடத்தில் எல்லாம் மில்லிமீட்டர். செங்கல்லுக்குப் பதில் 400-க்கு 200-க்கு 200 கான்கிரீட் பிளாக். நூல், தூக்குக்குண்டு மட்டும் போதாது, லேசர் லெவல் வைத்துப் பார்ப்பார்கள். வெல்டர்களுக்கு 3ஜி என்றால் செங்குத்துத் தகடு, 6ஜி என்றால் 45 டிகிரி சாய்வில் திருப்ப முடியாதபடி பூட்டிய பைப். 6ஜி தெரிந்தவருக்குச் சம்பளம் நன்றாகவே கூடும். ஊரில் கேட் அடித்துப் பழகிய கைக்கு அது சில மாதப் பயிற்சி. எலக்ட்ரீஷியன்கள் கவனிக்க வேண்டியது, அமீரகத்தில் நம் ஊரைப்போல 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், சவூதியில் 60 ஹெர்ட்ஸ். அமீரகத்தில் சதுர முனை 13 ஆம்பியர் பிளக், அதற்கு உள்ளேயே ஃபியூஸ். ஒரே சுற்றாகத் திரும்பி வரும் ரிங் வயரிங் முறையை டெஸ்ட்டில் கேட்பார்கள். சவூதிக்குப் போகும் பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர், ஏ.சி. டெக்னீஷியன் போன்றவர்களுக்கு 'தகாமுல்' திறன் சரிபார்ப்புத் தேர்வு விசாவுக்கு முன்பே இங்கேயே நடக்கிறது. கோணம் ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் படித்து வரும் பிள்ளைகளுக்கு இது சாதகம். சான்றிதழ் இல்லாமல் கைப்பழக்கத்தில் கற்றவர்கள்தான் முன்கூட்டியே தயாராக வேண்டும்.

டிரைவர்களுக்கு ஒன்று. நம் லைசென்ஸைக் காட்டி அமீரகத்தில் உடனே வண்டி எடுக்க முடியாது. பள்ளியில் சேர்ந்து வகுப்பு முடித்துத் தேர்வில் தேற வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கில் திர்ஹம் செலவாகும். அது கம்பெனிச் செலவா, சம்பளத்தில் பிடிப்பார்களா, தோற்றால் என்ன வேலை கொடுப்பார்கள் என்பதைச் சேருமுன் எழுத்தில் வாங்குங்கள். சவூதியில் 'ஹவுஸ் டிரைவர்' என்றால் அது வீட்டு வேலையாள் வகை. வழக்கமான தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லை, தனி விதிகள்தான்.

நர்ஸுகளுக்கு வழி இன்னும் தெளிவானது. 2015 முதல் இந்த 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸுகள், இ.சி.ஆர். இல்லாத பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். ஆள் எடுக்கும் பொறுப்பும் அரசு நிறுவனங்களிடம் கொடுக்கப்பட்டது. நம்முடைய மனிதவளக் கழகமும் கேரளத்தின் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக் இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ளவை. தாமதம் ஏற்படுவது 'டேட்டாஃப்ளோ' என்ற நிறுவனம் செய்யும் சான்றிதழ் சரிபார்ப்பில்தான். நர்ஸ் படித்த கல்லூரிக்கும் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் அவர்கள் நேரடியாக எழுதிக் கேட்பார்கள். பதில் வராவிட்டால் சரிபார்க்க முடியவில்லை என்று அறிக்கை வரும். விண்ணப்பிக்கும் முன்பே ஆஸ்பத்திரியின் ஹெச்.ஆர். பிரிவுக்குப் போய், எந்த மெயிலுக்குக் கடிதம் வரும், யார் பதில் போடுவார் என்று பேசிவைத்துவிடுங்கள். பெங்களூரில் படித்தவர்கள் கர்நாடக நர்ஸிங் கவுன்சில் பதிவையும், தமிழ்நாட்டுக் கவுன்சிலுக்கு மாற்றியிருந்தால் அதையும் வரிசையாக வைத்திருக்க வேண்டும். வேலை பார்க்காத மாதங்களை நிரப்ப அனுபவச் சான்றிதழில் தேதியை நீட்டிப் போடுவது தற்கொலைக்குச் சமம். பொய் என்று ஒரு தடவை பதிவானால் மற்ற நாடுகளின் கதவும் மூடும்.

சான்றிதழ் சான்றொப்பம் பற்றி இரண்டு வரி. சவூதி, ஓமன், பஹ்ரைன் மூன்றும் அப்போஸ்டில், அதாவது மற்ற நாட்டுச் சான்றிதழை ஒரே முத்திரையில் ஏற்கும் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகள். வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரையே போதும். அமீரகம், கத்தார், குவைத்துக்குத் தூதரக முத்திரைவரை போக வேண்டும். குவைத்துக்குப் போலீஸ் சான்றும் வேண்டும், அதைப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக 500 ரூபாய்க்கு எடுக்கலாம்.

கடலுக்குப் போகிறவர்களின் கதை தனி. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை நம் கரையில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத ஊர் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை ஆட்கள் அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடித்துப் பழகியவர்கள். முதலாவது, கடல் எல்லை. வளைகுடாவின் கடல் அப்படிப்பட்டது அல்ல. அகலம் குறைந்த, ஆழமில்லாத கடல். சில மணி நேரம் ஓடினாலே அடுத்த நாட்டின் எல்லை வந்துவிடும். பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் இடையிலான எல்லைத் தகராறு 2001-இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லித்தான் முடிந்தது. எல்லை தாண்டினால் கடலோரக் காவல் படை படகைப் பிடிக்கும், ஆட்களைச் சிறையில் வைக்கும். பல நேரம் எல்லை தாண்டச் சொன்னது அர்பாப், அதாவது படகின் முதலாளி. ஆனால் உள்ளே போவது நம் ஆட்கள். ஜி.பி.எஸ். கருவியில் எல்லைக்கோட்டைப் பதிந்து வைத்து, தாண்டச் சொன்னால் மறுப்பதற்கான தைரியம் வேண்டும். கடன் இல்லாதவருக்கு அந்தத் தைரியம் வரும். அர்பாப் சொன்னதைப் போனில் குரல் பதிவாக வைத்திருப்பதும் பிற்பாடு வழக்கில் உதவும்.

இரண்டாவது, சம்பளமா பங்கா என்பது. பெரும்பாலும் பங்குதான். அப்படியானால் என்ன விகிதம், டீசல், ஐஸ், இரை, வலை பழுது இவற்றில் எந்தெந்தச் செலவு கழியும், மீனை எடை போடுவது யார், ஏலக் கணக்கை ஆட்களுக்குக் காட்டுவார்களா என்பதெல்லாம் ஏறுமுன் பேசப்பட வேண்டும். மீன்பிடி இல்லாத மாதங்களில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்றும் கேளுங்கள். சவூதியின் கிழக்குக் கரையில் இறால் பிடிப்பு ஆகஸ்ட் முதல் ஜனவரி வரைதான். மீதி மாதங்களில் பங்கு பாதியாகக் குறையலாம், வட்டி குறையாது.

மூன்றாவது, ஈரான். அது அந்த 18 நாடுகளின் பட்டியலில் இல்லை. அதனால் குடிபெயர்வு அனுமதி வேண்டாம், ஒப்பந்தம் எங்கும் பதிவாகாது, காப்பீடும் கட்டாயம் இல்லை. இதைத்தான் ஏஜென்ட் 'சுலபம்' என்கிறார். பொருளாதாரத் தடைகளால் அங்கிருந்து பேங்க் வழியாக ஊருக்குப் பணம் அனுப்புவதும் கடினம். 2020-இல் கொரோனா காலத்தில் நம் மீனவர்கள் அங்கே மாதக்கணக்கில் படகுகளிலேயே சிக்கிக் கிடந்தார்கள். கடைசியில் ஜூலை முதல் நாள் ஐ.என்.எஸ். ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல்தான் பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஈரானுக்குப் போவதா என்று யாராவது கேட்டால், போக வேண்டாம் என்பதே என் பதில்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். அமீரகத்தின் வேலை அழைப்புக் கடிதம் தமிழிலும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது மொத்தச் சம்பளம் அல்ல, அடிப்படைச் சம்பளம். இரண்டு கம்பெனிகளும் 2,000 திர்ஹம் தருகின்றன என்று வையுங்கள். ஒன்றில் அடிப்படை 800, படிகள் 1,200. மற்றதில் அடிப்படை 1,400, படிகள் 600. மாதம் கைக்கு வருவது ஒன்றுதான். ஆனால் வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கிடப்படும். மூன்று வருடம் முடிந்தால் முதல் கம்பெனியில் 1,680 திர்ஹம், இரண்டாவதில் 2,940. ஓவர்டைம் விகிதமும் அடிப்படையை வைத்துத்தான்: சாதாரண நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் காலை 4 வரை 50 சதவீதம். சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. வருட விடுமுறை 30 நாள். கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச அடிப்படை 1,000 ரியால். தங்குமிடம் கொடுக்காவிட்டால் 500, சாப்பாடு கொடுக்காவிட்டால் 300 அதன் மேல். சவூதியில் இரண்டு வருடம் முடியுமுன் நாமாக ராஜினாமா செய்தால் பணிமுடிவுத் தொகை எதுவும் கிடைக்காது. இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் பொறுத்திருந்தால் கிடைக்கும் பணத்தை இது தெரியாமல் விட்டு வந்தவர்கள் உண்டு.

விசாவில் எழுதியிருக்கும் தொழில் என்ன என்பதும் முக்கியம். எலக்ட்ரீஷியன் என்று பேசி விசாவில் 'லேபர்' என்றோ 'க்ளீனர்' என்றோ இருந்தால், அங்கே போய் எந்த அலுவலகத்திலும் எலக்ட்ரீஷியன் சம்பளம் கேட்க முடியாது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் ஒரு நகல் வீட்டில், ஒன்று போனில், ஒன்று கைப்பெட்டியில். இறங்கியதும் வேறு ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது பழைய தந்திரம். அப்போது காட்டக் கையில் முதல் ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

மூட்டை கட்டும்போது கசகசாவை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். குழம்புப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் வேண்டாம். அமீரகத்திலும் சவூதியிலும் கத்தாரிலும் அது போதைப் பொருள் கணக்கில் வருகிறது. டிராமடால், கோடீன் உள்ள வலி மாத்திரையும் இருமல் மருந்தும் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. மற்றபடி சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வைத்து யாராவது "என் தம்பிக்குக் கொஞ்சம் ஊறுகாய், கொண்டு குடுத்துருங்கண்ணே" என்றால் முகத்துக்கு நேராக மறுத்துவிடுங்கள். பெட்டியில் இருப்பதற்கெல்லாம் பெட்டிக்காரர்தான் பொறுப்பு.

வெயில் பற்றி நம் ஆட்களுக்கு ஒரு தவறான தைரியம் உண்டு. இங்கே இரண்டு பருவமழை, பக்கத்தில் மலை, கடற்காற்று. அங்கே ஜூலை முதல் செப்டம்பர் வரை கடலோர நகரங்களில் வெயிலோடு ஈரப்பதமும் சேர்ந்து வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. வெப்பத்தாக்கு அதிகம் விழுவது புதிதாக வந்தவர்களுக்கு, முதல் ஒன்றிரண்டு வாரங்களில்தான். சேரும் தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அக்டோபர், நவம்பரைக் கேளுங்கள். ஜூனில் இறங்க வேண்டி வந்தால் முதல் வாரம் மெதுவாக வேலையைப் பிடியுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், இடையில் ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர். சிறுநீர் அடர்மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை. வியர்வை நின்று தலை சுற்றிப் பேச்சுக் குழறும் ஆளை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். மதிய ஓய்வு சட்டம்: அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை 12:30 முதல் 3 மணி வரை, கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3:30 வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது. அந்த நேரத்தில் ஃபோர்மேன் கூப்பிட்டால் போக வேண்டியதில்லை, புகார் கொடுக்கலாம்.

பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைப்பது அமீரகத்தில் சட்டவிரோதம். ஏ.டி.எம். கார்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சம்பளம் பேங்க் வழியாக வர வேண்டும் என்ற விதியே அந்தக் கார்டு நம் கையில் இருந்தால்தான் பலன் தரும். சம்பளம் நின்றால் செய்யக்கூடாதது ஒன்று: கேம்ப்பை விட்டு ஓடுவது. ஓடினால் 'ஆள் தலைமறைவு' என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிடுவார். அதன்பின் பாக்கி கேட்கும் இடத்தில் இருந்த நாம் குற்றவாளி இடத்துக்குப் போய்விடுவோம். வேலையில் இருந்துகொண்டே தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்க வேண்டும். அமீரகத்தில் நாள் கடந்தும் சம்பளம் வராவிட்டால் அது விதிமீறல். வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் ஊரிலிருந்து மனைவியோ அப்பாவோகூடப் பதியலாம். தூதரகங்களிடம் சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. வழக்குச் செலவு, தங்க இடம், டிக்கெட், உடலை ஊருக்கு அனுப்புவது எல்லாவற்றுக்கும் அதிலிருந்து உதவலாம். கேட்டால்தான் கிடைக்கும். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறையும் நல வாரியமும் இருக்கின்றன. போகுமுன்பே உறுப்பினராகிவிடுங்கள்.

ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. என்ற, வெளிநாட்டில் இருப்பவருக்கான கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதி. வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப அதற்கென்றே உள்ள என்.ஆர்.இ. கணக்கு ஒன்று திறங்கள், அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. குழல்பணத்தில் (ஹவாலாவில்) இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று போகாதீர்கள். பிற்பாடு வீட்டுக் கடனுக்குப் போகும்போது, சம்பாதித்ததற்குச் சான்றாகக் காட்ட பேங்க் வழியாக வந்த பணம் மட்டுமே உதவும்.

முடித்து வரும்போது 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில், பணம் கணக்கில் ஏறியதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அமீரகத்தில் ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் பாக்கி அனைத்தையும் கொடுத்துவிட வேண்டும். விமானம் ஏறிய பிறகு இங்கிருந்து கேட்டு வாங்குவது மிகவும் சிரமம். அனுபவச் சான்றிதழையும் விசா ரத்தான தாளையும் சேர்த்து வாங்குங்கள். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போனவர்கள் மொத்தமாக மூன்று வருடம் வெளிநாட்டில் இருந்திருந்தால், பத்தாம் வகுப்பு இல்லாமலேயே அந்தக் குறிப்பை நீக்க விண்ணப்பிக்கலாம். அதற்குச் சான்று பழைய பாஸ்போர்ட்டில் உள்ள வருகை, புறப்பாட்டு முத்திரைகளும் விசாப் பக்கங்களும்தான். ஆகவே புதியது வந்துவிட்டதென்று பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.